வார்டில் படிக்கும் பாடம்: ஒரு கை தட்டினால் ஓசை வருமா?

"லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டிப் படிக்க வெச்சா, பெட்பேன் எடுக்கச் சொல்றாங்களாம் டாக்டர்! இதுக்கா பொண்ண நர்சிங் சேர்த்தோம்?"

மூட்டுவலிக்குத் தைலம் வாங்க என்னிடம் வருகிற அம்மாக்களில் யாராவது ஒருவர் அடிக்கடி இப்படிப் புலம்புவதுண்டு. ராமநாதபுரம், பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம் என்று எங்கள் பக்கத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு பிள்ளைகளாவது மருத்துவம் சார்ந்த ஏதோ ஒரு படிப்பில் இருக்கிறார்கள். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பிசியோதெரபி, பார்மசி, சித்தா... படிப்பு எதுவானாலும் ஒரு கட்டத்தில் பிள்ளையைப் புத்தகத்திலிருந்து பிரித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். வார்டு டூட்டி, இரவு டூட்டி, கிராம போஸ்டிங்! பெற்றோருக்கு இது வீண் அலைச்சலாகத் தெரிகிறது. "யாரையாவது பிடித்து வீட்டுக்குப் பக்கத்தில் போஸ்டிங் மாற்றலாமா, சர்டிஃபிகேட் மட்டும் வாங்கிவிடலாமா" என்று கேட்பவர்களும் உண்டு.

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

எம்.பி.பி.எஸ். படிப்பில் நாலரை வருஷம் பாடம், பிறகு ஒரு வருஷம் கட்டாயப் பயிற்சி. அதைத்தான் நாம் 'ஹவுஸ் சர்ஜன்' என்கிறோம். நான் படித்த பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அங்கேயும் இதே கணக்குதான். நாலரை வருஷப் பாடம், ஒரு வருஷம் உறைவிடப் பயிற்சி. நர்சிங் மாணவிகளுக்கோ முதல் வருஷத்திலிருந்தே வார்டுதான் வகுப்பறை.

இத்தனை மாதங்கள் எதற்கு? ஊசி போடவும் நாடி பார்க்கவும் கை பழக வேண்டும், வாஸ்தவம்தான். ஆனால் வகுப்பில் எந்த வாத்தியாராலும் கற்றுத்தர முடியாத பாடம் ஒன்று இருக்கிறது. மற்றவர்களோடு சேர்ந்து ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் அது.

வள்ளுவர் சொன்ன நாலு பேர்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளை எடுத்துப் பாருங்கள். மருத்துவத்துக்கு நான்கு அங்கங்கள் என்கிறார் வள்ளுவர். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்பவர். மருத்துவர் அதில் நாலில் ஒரு பங்குதான்! நான்காவது ஆளுக்கும் அவர் சமமான இடம் கொடுத்திருக்கிறார்.

இன்று அந்த நான்காவது ஆள் ஒருவரல்ல. தீவில் ஒருவருக்குப் பக்கவாதம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலையோ படகையோ விட்டால் வேறு வழி கிடையாது. இப்போது 108-க்கு போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. வண்டியில் ஒரு டெக்னீஷியன். ஆஸ்பத்திரியில் கேஷுவாலிட்டி டாக்டர், ஹவுஸ் சர்ஜன், ஸ்கேன் எடுப்பவர், ரத்தம் எடுப்பவர். வார்டில் மூன்று ஷிப்ட் நர்சுகள், மருந்து கொடுப்பவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், துப்புரவுப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட். வீடு திரும்பிய பிறகு கிராம சுகாதார செவிலியர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வருகிற பெண் தன்னார்வலர். எண்ணிப் பார்த்தால் பதினைந்து பேருக்குக் குறையாது!

பதினைந்து பேரும் தங்கள் வேலையில் கெட்டிக்காரர்களாகவே இருக்கட்டும். ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சேதி சரியாகப் போகாவிட்டால் என்ன ஆகும்?

எங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படகில் போய் வலையை அரை வட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, கயிற்றின் இரண்டு முனைகளையும் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். இரண்டு கோஷ்டிகள் பிரிந்து நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கோஷ்டியும் நெருங்கி வர வேண்டும். ஒரு பக்கம் பலசாலிகளாகச் சேர்ந்து வேகமாக இழுத்துவிட்டால் வலை கோணிக்கொள்ளும், மீன் நழுவிவிடும். அதனால் அங்கே தனி ஒருவரின் பலத்துக்கு மதிப்பில்லை. அடுத்த கோஷ்டி எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்த்து இழுப்பவனுக்குத்தான் மதிப்பு. ஆஸ்பத்திரியும் ஒரு கரைவலைதான்.

ஒரு பெரியவர், மூன்று பாடம்

பாம்பன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு என்னிடம் தொக்கணத்துக்காக வந்தார். நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் சில நாட்கள் இருந்துவிட்டு வந்தவர். அங்கே நடந்ததை அவர் குடும்பத்தார் சொல்லக் கேட்டபோது, பயிற்சி மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது என்று தோன்றியது.

முதல் பாடம்: நேரம்

காலை ஆறரை மணிக்கு மனைவி எழுப்பப் போனபோது பெரியவருக்கு வாய் கோணியிருந்தது. வலது கை எழும்பவில்லை. எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி சேர்ந்துவிட்டார்கள். "எப்பம்மா ஆரம்பிச்சது?" என்று ஹவுஸ் சர்ஜன் கேட்க, "ஆறரைக்கு" என்றார் மனைவி. அப்படியே எழுதிக்கொண்டார்.

மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் கட்டி அடைத்து வருகிற பக்கவாதத்துக்கு, கட்டியைக் கரைக்கிற ஊசி உண்டு. முதலில் ஸ்கேன் எடுத்து ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரம் கடந்து போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிகிற ஆபத்து அதிகமாகி, நன்மையைவிடக் கெடுதல் மிஞ்சிவிடலாம். ஆறரை மணிக் கணக்குப்படி பார்த்தால் நேரம் நிறைய இருந்தது.

வராந்தாவில் அழுதுகொண்டிருந்த மருமகளுக்கு ஒரு நர்சிங் மாணவி தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சுவாக்கில் மருமகள் சொன்னது: "ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போறப்பவே மாமா கால இழுத்து இழுத்துத்தான் நடந்தாங்க. தூக்கக் கலக்கம்னு நெனச்சுட்டேன்."

மாணவி ஓடிப்போய் ஹவுஸ் சர்ஜனிடம் சொன்னாள். அவர் பெரிய டாக்டரிடம் சொன்னார். கணக்கே மாறிவிட்டது! ஆரம்பம் இரண்டு மணி. அதாவது ஆறு மணி நேரம் ஓடிவிட்டது. அந்த ஊசி வேண்டாம் என்று முடிவு செய்து வேறு சிகிச்சை கொடுத்தார்கள்.

நோயைக் கண்ணால் பார்த்த நேரம் வேறு. நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரம் வேறு. டாக்டருக்கு வேண்டியது இரண்டாவது. அது மருமகளிடம் இருந்தது. மருமகளிடமிருந்து டாக்டர் வரை வந்து சேர்ந்ததற்குக் காரணம், தனக்கென்ன என்று போகாத ஒரு மாணவியும், "நர்சிங் ஸ்டூடண்ட் சொல்லி நான் கேட்கணுமா?" என்று நினைக்காத ஒரு ஹவுஸ் சர்ஜனும்தான்.

இரண்டாம் பாடம்: ஒரு வாய் காப்பி

மறுநாள் சாயங்காலம் ஊரிலிருந்து பெரியவரின் தங்கை வந்தார், கையில் பிளாஸ்க். "அண்ணனுக்குக் காப்பின்னா உசுரு. ஒரு வாய் ஊத்துறேன்." பகல் டூட்டி நர்ஸ், வாய் வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். மனைவி குளிக்கப் போயிருந்தார். ஷிப்ட் மாறுகிற நேரம். டம்ளர் வாய்க்குப் போகும் சமயத்தில் ஒரு மாணவி பார்த்துவிட்டாள்.

"பாட்டி, வேணாம் பாட்டி! தாத்தாவுக்கு இன்னும் முழுங்க வரலை. காப்பி நெஞ்சுக்குள்ள போயிரும்."

பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குகிற தசைகளும் சோர்ந்திருக்கும். சோதித்துப் பார்க்காமல் ஊற்றுகிற தண்ணீரோ காப்பியோ மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுவிடும். பக்கவாதத்தில் பிழைத்தவரை இந்த நிமோனியா கொண்டுபோவது உண்டு. அன்பாகக் கொடுத்த ஒரு வாய் காப்பியால்!

அடுத்த நாளிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. ஒருவர் இன்னொருவரிடம் சொல்லி, அவர் மறந்து... என்கிற கதைக்கு அது முற்றுப்புள்ளி.

மூன்றாம் பாடம்: தோள்

பெரியவர் என்னிடம் வந்தபோது வலது தோளில் கடுமையான வலி. கேட்டால், கட்டிலிலிருந்து எழுப்பும்போதெல்லாம் மகன் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கியிருக்கிறார். செயலிழந்த பக்கத்தில் தோள் மூட்டைத் தாங்குகிற தசைகள் தளர்ந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவும்.

அந்த வாரம் என்னிடம் ஒரு சித்த மருத்துவப் பயிற்சி மாணவர் இருந்தார். பெரியவருக்கு வீட்டில் உடற்பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டை, கூடவே வந்த அவருடைய மாணவியோடு வரவழைத்தோம். இரண்டு மாணவர்களையும் எதிரெதிரே உட்கார வைத்து, "உங்க வேலையை அவங்களுக்குச் சொல்லுங்க, அவங்க வேலையை நீங்க கேளுங்க" என்றேன். தோளை எப்படித் தாங்க வேண்டும், எந்தக் கோணத்துக்கு மேல் தூக்கக் கூடாது என்று மாணவி காட்டினாள். எந்தத் தைலம், எவ்வளவு அழுத்தம், எந்த இடத்தில் அழுத்தவே கூடாது என்று இவர் சொன்னார். தொக்கணம் எத்தனை மணிக்கு, பயிற்சி எத்தனை மணிக்கு என்று இருவரும் சேர்ந்து ஒரு தாள் எழுதினார்கள். அந்தத் தாள் மகன் கைக்குப் போனது. எழுப்புகிற முறையையும் அவரையே செய்யச் சொல்லிப் பார்த்தார்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். பக்கவாதம் வந்த அந்த முதல் மணி நேரத்தில் தைலம் தேய்க்கிறேன், வர்மம் பார்க்கிறேன் என்று யார் சொன்னாலும் நிற்காதீர்கள். நேராக ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எங்கள் முறை கைகொடுப்பது அதற்குப் பிறகு. எப்போது தன் முறை, எப்போது அடுத்தவர் முறை என்று தெரிந்துகொள்வதும் மருத்துவம்தான்.

உலகம் என்ன செய்கிறது?

இது நம்மூர் வைத்தியன் ஒருவனின் யோசனை மட்டுமல்ல. ஸ்வீடன் நாட்டில் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1996-ல் ஒரு பயிற்சி வார்டைத் தொடங்கியது. மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஆசிரியர்கள் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வார்கள். 2010-ல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன் சாரம்: வெவ்வேறு படிப்பு மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவருமாகப் படிக்க வேண்டும்.

நம் வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவ மாணவர்களும் நர்சிங் மாணவர்களும் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய்ப் படிக்கிற முறை பல வருஷங்களாக உண்டு. 2022-லிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே 'குடும்பத் தத்தெடுப்பு' வந்துவிட்டது. முதல் வருஷ மாணவரே கிராமத்தில் சில குடும்பங்களை ஏற்றுக்கொண்டு அவர்கள் நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி, 2022 ஜனவரி 12-ல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. நம் பிள்ளைகள் நம் ஊர் மக்களிடமே படிக்கிற காலம் வந்துவிட்டது.

எங்களுக்கு மகிழ்ச்சியான இன்னொரு விஷயம். 2021-ல் வந்த பயிற்சி விதிகளில், ஹவுஸ் சர்ஜன்கள் இந்திய மருத்துவ முறைகளில் ஏதாவது ஒன்றில் ஒரு வாரம் பயிற்சி பெற இடம் வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் சித்தா பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிறது. ஆனால் வளாகம் ஒன்றாக இருந்தால் போதுமா? பேசிக்கொள்ள வேண்டாமா? ஒரு வாரத்தில் யாரும் சித்த வைத்தியர் ஆகிவிட முடியாது. "அந்த ரூமில் இருப்பவரிடம் போன் செய்து கேட்கலாம்" என்று தெரிந்தால் போதும்.

பேசிக்கொள்வதால் உயிர் பிழைக்குமா என்று கேட்கிறீர்களா? 2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும்; நோயாளி யார், எந்த இடத்தில் ஆபரேஷன் என்று உரக்கச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்த முடிவு 2009-ல் வெளியானது. இறப்பு 100-க்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. ஒரு தாளும் பேச்சும் செய்த வேலை!

சேதி சொல்ல நாலு படி

நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும் என்று இப்போது மாணவர்களுக்குப் பழக்குகிறார்கள். வீட்டிலும் இது உதவும். டாக்டருக்கு போன் செய்யும்போதும் இதே வரிசையில் சொல்லிப் பாருங்கள்.

1. இப்போது என்ன? ("அப்பாவுக்கு மூச்சு வாங்குது, பத்து நிமிஷமா.")

2. முன்கதை என்ன? ("சுகர், பிரஷர் உண்டு. போன மாசம் ஆஸ்பத்திரியில இருந்தார்.")

3. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? ("போன தடவை மாதிரி நெஞ்சுல சளி இல்ல. இது வேற மாதிரி இருக்கு.")

4. என்ன வேண்டும்? ("உடனே அழைச்சிட்டு வரவா?")

ஒரு நிமிஷம்தான் ஆகும்.

பெற்றோர் கவனத்துக்கு

பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளைச் சம்பளமில்லாத வேலையாட்களாக நடத்தும் இடங்களும் இருக்கின்றன. கண்டுபிடிப்பது எளிது. மேற்பார்வைக்கு ஆசிரியரோ சீனியரோ உடன் இருக்கிறாரா? செய்த வேலையைப் பதிவுப் புத்தகத்தில் எழுதி கையெழுத்து வாங்குகிறார்களா? தப்பு செய்தால் திட்டுவதோடு விடாமல் திருத்திக் காட்டுகிறார்களா? இவை இல்லையென்றால் கல்லூரியில் தாராளமாகக் கேளுங்கள். இரவு டூட்டிக்குப் போகிற பெண்ணுக்குப் பாதுகாப்பான தங்குமிடமும் வண்டியும் உண்டா என்று கேட்பதும் உங்கள் உரிமை.

வார்டுக்குப் போகும் முன் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டாயிற்றா என்று பாருங்கள். வழக்கமாக முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஊசி குத்திவிட்டால் மறைக்கக் கூடாது. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே பொறுப்பு டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள்.

ஆனால் பெட்பேன் எடுக்கிறாள் என்பதற்காக மட்டும் சண்டைக்குப் போகாதீர்கள். சிறுநீர் எவ்வளவு, என்ன நிறம், மலத்தில் ரத்தம் உண்டா என்று முதலில் பார்ப்பது பெட்பேன் எடுப்பவர்தான். அந்தத் தகவலை வைத்துத்தான் மருந்து மாறும். எங்கள் சித்த மருத்துவத்தில் எட்டு வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. அதில் மலமும் மூத்திரமும் இரண்டு தேர்வுகள். அதைப் பார்க்கிற கண்ணை எப்படிக் கேவலம் என்பது?

வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு என்ன படிச்சே?" என்பதோடு "இன்னிக்கு யார்கிட்ட படிச்சே?" என்றும் கேளுங்கள். ஆயாவிடமும் ஆம்புலன்ஸ் டிரைவரிடமும் கற்றுக்கொண்டேன் என்று சொல்கிற பிள்ளை நல்ல மருத்துவராக, நல்ல நர்சாக வரும்.

நோயாளி வீட்டார் கவனத்துக்கு

நீங்களும் அந்தக் கோஷ்டியில் ஒருவர்தான், மறக்காதீர்கள்.

சாப்பிடுகிற எல்லா மருந்துகளையும் சொல்லுங்கள். நாட்டு மருந்து, சூரணம், கஷாயம் எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரைக்கு டாக்டர் மாத்திரை கொடுத்திருப்பார். கூடவே கடையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியும் ஓடிக்கொண்டிருக்கும். அவரிடம் இதைச் சொல்வதில்லை. எங்களிடம் அதைச் சொல்வதில்லை. சிறுகுறிஞ்சானும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்து, வெறும் வயிற்றோடு விடியுமுன் கடலுக்கோ வாக்கிங்குக்கோ போனால் வியர்த்து, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். இரண்டு டாக்டர்களும் நல்ல மருந்துதான் கொடுத்தார்கள். இடையில் பேச்சுதான் இல்லை!

கூட இருப்பவர் மாறும்போது, வருகிறவரிடம் நர்ஸ் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு சின்ன நோட்டு வைத்து நேரத்தோடு எழுதுவது இன்னும் நல்லது.

வார்டில் மாணவர்கள் வந்து கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். உடம்பைத் தொட்டுப் பார்ப்பது சங்கடமாக இருந்தால் "வேணாம்மா" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்காக உங்கள் சிகிச்சை குறையக் கூடாது. ஆனால் சம்மதித்தால் உங்களுக்கும் லாபம்தான். நூறு பேரைப் பார்க்க வேண்டிய பெரிய டாக்டருக்கு உங்கள் கட்டிலருகே சில நிமிஷம்தான் கிடைக்கும். மாணவருக்கு அரை மணி கிடைக்கும். நீங்கள் மறந்துபோன ஒரு விஷயம் அந்த அரை மணிப் பேச்சில்தான் வெளியே வரும். அப்படி வந்தால், "இதை டாக்டர்கிட்ட சொல்லிரும்மா" என்று நீங்களே அந்தப் பிள்ளைக்குத் தைரியம் கொடுங்கள். பிறர் பேச்சைக் கேட்கவும், தெரிந்ததைப் பயப்படாமல் சொல்லவும் அந்தப் பிள்ளை பழகுவது உங்கள் கட்டில் ஓரத்தில்தான்.